பழைய மிட் டவர் கேபினெட்டில் வாட்டர் கூலிங்: கூரையை வெட்டுவதா, முன்பக்கத்தைக் காலி செய்வதா?

நீர்க்காகம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் கம்ப்யூட்டர் கேபினெட் 2010 வாக்கில் வந்த மிட் டவர் (நடுத்தர உயரப் பெட்டி). தகடு நல்ல கனம், வெர்னியர் வைத்துப் பார்த்தால் 0.8 மி.மீ. காட்டுகிறது. இப்போது கடைக்குப் போனால் கண்ணாடிக் கதவும் மெல்லிய தகடுமாகத்தான் கிடைக்கிறது, அதனால் இதை விட மனமில்லை. குறை என்னவென்றால் தண்ணீரின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டருக்கென்று இதில் இடமே விடவில்லை. முன்பக்கம் மேலே நான்கு டிவிடி பே (டிவிடி டிரைவ் செருகும் அறை), கீழே ஹார்ட் டிஸ்க் கூண்டு. கூரையில் ஒரு 120 ஃபேன் ஓட்டை, பின்னால் இன்னொன்று. எஸ்எம்பிஎஸ் (கரன்ட் கொடுக்கும் பெட்டி) கீழே உட்காரும்.

உள்ளே இருப்பது ரைசன் 7 5800எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. அறையில் ஏசி கிடையாது. சென்னை மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்குக்கூட அறை 34, 35 டிகிரியில் நிற்கிறது. ரெண்டர் (படம் உருவாக்கும் கனமான வேலை) போட்டுவிட்டுப் படுத்தால் கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடிவதில்லை. சிபியு, கார்டு இரண்டையும் ஒரே லூப்பில், அதாவது ஒரே தண்ணீர்ச் சுற்றில், கொண்டுவர ஆசை.

கூரையை வெட்டி 240 ரேடியேட்டர் (120 மி.மீ. ஃபேன் இரண்டு பிடிக்கும் அளவு) மாட்டலாம் என்று நினைக்கிறேன். மதர்போர்டின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரை 22 மி.மீ. இருக்கிறது. ஏற்கெனவே செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தகடுவெட்டி எழுதியது:

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த 22-லேயே இருக்கிறது. மெல்லிய ரேடியேட்டர் என்றாலே 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25. சேர்ந்தால் 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 போல 38 மி.மீ. ரேடியேட்டர் என்றால் 63. கூரையில் எவ்வளவு அழகாக வெட்டினாலும் மீதி 30 மி.மீ. மதர்போர்டுக்கு மேல் தொங்கும். அந்த இடத்தில்தான் விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரம் சீராக்கும் பாகம்) ஹீட் சிங்க், எட்டு பின் சிபியு பவர் பிளக், ரேம் எல்லாம் இருக்கின்றன. ஹீட் ஸ்ப்ரெடர் இல்லாத டிடிஆர்4 ரேமே 31 மி.மீ. உயரம். விளக்கு வைத்தது என்றால் 40-ஐத் தாண்டிவிடும்.

கூரைதான் வேண்டும் என்றால் ரேடியேட்டரைப் பக்கக் கதவு ஓரமாகத் தள்ளி, ரேமுக்கு வெளிப்பக்கமாகத் தொங்க விடலாம். போர்டு தட்டிலிருந்து கதவு வரை அளந்து, அதில் 120-ஐக் கழியுங்கள். மீதியில் ரேமும் பவர் பிளக்கும் நின்றால் சரி. நிற்காவிட்டால் ரேடியேட்டர், ஃபேன் இரண்டையும் கூரைக்கு வெளியே வைக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும், ஆனால் கேபினெட்டின் உயரம் ஏறிவிடும், மேலே எதையும் வைக்க முடியாது.

என்னைக் கேட்டால் கூரையைத் தொடவே வேண்டாம். டிவிடி பே உள்ளகலம் 146 மி.மீ., ரேடியேட்டர் அகலம் 120. அந்த வரிசையைக் காலி செய்தால் ரேடியேட்டர் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும். முன்பக்கம் உள்ளே மேலிருந்து கீழ் எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லுங்கள்.

நீர்க்காகம் எழுதியது:

அளந்தேன் அண்ணா. 408 மி.மீ. கார்டுக்குப் பின்னால் உள்ள தகட்டிலிருந்து முன் ஃபிரேம் வரை 412.

தகடுவெட்டி எழுதியது:

அப்படியானால் 240-ஐ மறந்துவிடுங்கள். 360 ரேடியேட்டரின் நீளம் சுமார் 397, உங்களிடம் 408 இருக்கிறது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ரேடியேட்டர் முனையில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் நீளம் மாறும், வாங்கும் மாடலின் வரைபடத்தில் நீளத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஆழமும் தாராளம். 412-ல் 52 போனால் 360 மிச்சம், வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புக் கட்டி) போட்ட கார்டு சுலபமாக அடங்கும், பம்புக்கும் இடம் இருக்கும்.

கூலர்_குமரன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு வெட்டுக்கொத்து எதற்கு? சிபியு மேல் உட்கார்ந்து காற்றால் ஆற்றும் நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றைப் போட்டு, முன்னால் இரண்டு ஃபேன் வைத்தால் 5800எக்ஸ் பேசாமல் ஓடும். தண்ணீர் ஒழுகுமோ என்ற பயமும் கிடையாது. பம்ப் போனால் மொத்தமும் நிற்கும். ஏர் கூலரில் ஃபேன் போனால் புதுசு மாட்டினால் முடிந்தது.

செம்புக்குழாய் எழுதியது:

குமரன் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். சிபியு மட்டும் என்றால் நானும் ஏர் கூலர்தான் சொல்வேன். 5800எக்ஸ் எடுப்பது அதிகபட்சம் 142 வாட். ஆனால் அதில் பெரும்பகுதி சிபியுவுக்குள் இருக்கும் ஒரே ஒரு சிறிய சிப்லெட்டிலிருந்து (சிப் துண்டிலிருந்து) வருகிறது. சூடு அந்தச் சின்னப் பரப்பிலிருந்து மேல் மூடிக்கு ஏறுவதுதான் சிரமம். அதற்கப்புறம் அது செப்புத் தகட்டுக்குப் போனாலும் தண்ணீருக்குப் போனாலும் சில டிகிரிதான் வித்தியாசம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாட்டர் கூலிங் போட்டுவிட்டு, இந்தச் சிப் இன்னும் 80 காட்டுகிறதே என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

கார்டு கதை வேறு. 3070 எடுப்பது 220 வாட். சிப் பரப்பு பெரிது, மேல் மூடி கிடையாது, பிளாக் நேராகச் சிப்பின் மேல் உட்காரும். வாட்டர் கூலிங்கின் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கும். நண்பர் கேட்பது சத்தம் குறைய வேண்டும் என்று. சத்தம் போடுவது கார்டு. அதனால் அவர் ஆசை நியாயமானது.

கணக்கைப் பாருங்கள். 142-ம் 220-ம் சேர்ந்து 362 வாட். மெல்லிய 360 ரேடியேட்டர், ஃபேன் மிதமான வேகம் என்றால் தண்ணீர் அறையைவிட 12 முதல் 15 டிகிரி மேலே நிற்கும். அறை 35 என்றால் தண்ணீர் 47 முதல் 50. இந்த லூப்புகளில் போடும் டி5 வகைப் பம்புக்குப் பொதுவாக 60 டிகிரிதான் எல்லை, ட்யூபுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 240 போட்டிருந்தால் மே மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிட்டு வருவீர்கள். தகடுவெட்டி 360 என்று சொன்னது அதனால்தான் எனக்கு நிம்மதி.

வடதுருவத் தமிழன் எழுதியது:

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இதே 5800எக்ஸ், 3070, மெல்லிய 360. குளிர்காலத்தில் அறை 21, தண்ணீர் 33. ஜூலையில் அறை 28, தண்ணீர் 40. இடைவெளி எப்போதும் அதே 12-தான். அறையைவிடக் கீழே தண்ணீர் ஒருநாளும் போகாது. அதனால் ட்யூப் வியர்த்து மதர்போர்டில் சொட்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

கோவையில் தகட்டு வேலைதான் எனக்குத் தொழில். வெட்டும் விஷயத்தை நான் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், முன் சுவிட்ச் ஒயர் உட்பட. கேபினெட் வெறும் கூடாக இருக்க வேண்டும். உள்ளே துணி போட்டு மூடிக்கொண்டு வெட்டுகிறேன் என்று ஒரு பையன் வந்தான், நான் மறுத்துவிட்டேன். இரும்புத் தூள் தலைமுடியைவிட மெல்லிசாகப் பறக்கும், ஸ்லாட்டுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தால் போர்டு போய்விடும்.

டிவிடி பேயும் ஹார்ட் டிஸ்க் கூண்டும் ரிவெட்டில்தான் நிற்கும். பெரும்பாலும் 3.2 மி.மீ. பாப் ரிவெட். ரிவெட் தலையின் நடுக்குழியில் 4 மி.மீ. டிரில் பிட்டை நேராக வைத்து மெதுவாக ஓட்டுங்கள். தலை மட்டும் வளையமாகக் கழன்று பிட்டிலேயே சுற்றும். அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் அழுத்தினால் தகட்டில் ஓட்டை பெரிதாகி, பிறகு ரிவெட் பிடிக்காது. மிச்சமிருக்கும் தண்டை ஆணி வைத்து ஒரு தட்டு தட்டினால் பின்பக்கம் விழுந்துவிடும்.

இனி யாரும் சொல்லாத விஷயம். அந்தப் பே கூண்டு டிரைவ் வைப்பதற்கு மட்டும் இல்லை. கூரையையும் அடித்தட்டையும் பிடித்துக் கேபினெட்டை நேராக நிறுத்துவதே அதுதான். அதை எடுத்ததும் முன் மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், மொத்தக் கூடும் சாய்ந்தாடும், கதவுகூட மூடாது. ஆகவே 20-க்கு 20, 2 மி.மீ. அலுமினிய எல் ஆங்கிள் இரண்டு வாங்கி, 408 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, முன் ஃபிரேமின் இரு ஓரத்திலும் கூரைமுதல் அடித்தட்டுவரை நிறுத்தி ரிவெட் அடியுங்கள். கேபினெட்டும் விறைக்கும், ரேடியேட்டர் மாட்டச் சட்டமும் கிடைக்கும். ஒரு வேலையில் இரண்டு காரியம்.

ஆங்கிளில் ரேடியேட்டர் திருகு ஓட்டை போடும்போது வட்டமாகப் போடாமல் மேல்கீழாக மொத்தம் 10 மி.மீ. நீளும் பள்ளமாக (நீள ஓட்டையாக) போடுங்கள். 4 மி.மீ. ஓட்டை இரண்டு மூன்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஊசி அரத்தால் இணைத்தால் போதும். 120 ஃபேனின் திருகுகளுக்கு நடுவே 105 மி.மீ., அடுத்த ஃபேனின் திருகு அங்கிருந்து 15 மி.மீ. பெரும்பாலான ரேடியேட்டரில் இதுதான் அளவு, சிலதில் ஃபேனுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக இருக்கும். பள்ளமாக இருந்தால் எது வந்தாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

அப்புறம் முன் ஃபிரேமில் குறுக்குத் தகடு ஏதாவது காற்றை மறித்தால் வெட்ட வேண்டியிருக்கும். ஜிக்சாவில் பல் நெருக்கமான இரும்பு பிளேடு போடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டால் கோடும் தெரியும், பெயின்ட்டும் கீறாது. தகட்டுக்கு அடியில் பிளைவுட் துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டால் தகடு துள்ளாது. பெரிய ஹோல் சாவை (வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்) கையில் பிடிக்கும் டிரில்லில் மாட்டி மெல்லிய தகட்டில் இறக்காதீர்கள்; பல் மாட்டினால் டிரில் மணிக்கட்டைத் திருகிவிடும். கண்ணாடி போடாமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, உடனே பிரைமர் அடியுங்கள். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விட்டது, கடலோரக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறும். எல்லாம் முடிந்ததும் கூட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

ஆப்பிள்தோட்டம் எழுதியது:

பட்டறைக்காரன் ஐயா, ஒரு துணைக்கேள்வி. என்னிடம் பவர் மேக் ஜி5 (ஆப்பிளின் பழைய கம்ப்யூட்டர்) கூடு ஒன்று இருக்கிறது. அதிலும் இதே முறை செல்லுமா? 2004-ல் வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலில் ஆப்பிளே வாட்டர் கூலிங் வைத்து விற்றார்கள், அதனால் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

அது முழுக்க அலுமினியம், தம்பி. வெட்டுவதற்கு மெது, ஆனால் பிளேடு பல்லில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். தூளைக் காந்தம் பிடிக்காது, கழுவித்தான் எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள துளைத்தகடு அந்தக் கூட்டின் அழகே, அதைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே சட்டம் வையுங்கள். விவரமாகத் தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

நீர்க்காகம் எழுதியது:

பட்டறைக்காரன் ஐயா சொன்னபடி ரிவெட் எல்லாம் எடுத்தாயிற்று. கூண்டு வெளியே வந்ததும் கேபினெட் நிஜமாகவே ஆடியது. இப்போது இரண்டு ஆங்கிளும் ஏறிவிட்டன, கூரையில் கைவைத்து அழுத்தினாலும் அசையவில்லை.

இரண்டு சந்தேகம். முன் பிளாஸ்டிக் முகப்பில் பே மூடிகள் துளையில்லாமல் அடைத்தமாதிரி இருக்கின்றன, காற்று எப்படி வரும்? அடுத்தது தண்ணீர். இங்கே கூலன்ட் என்று விற்பது விலை அதிகம். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் ஊற்றலாமா?

தகடுவெட்டி எழுதியது:

பே மூடிகளை எடுத்துவிட்டு அந்தச் சட்டத்துக்கு அளவாகத் துளையிட்ட இரும்பு வலை வெட்டி வையுங்கள். அதன் பின்னால் நைலான் கொசுவலையைக் காந்தப் பட்டையில் ஒட்டினால் அதுவே தூசி வடிகட்டி, மாதம் ஒருமுறை பிடுங்கிக் கழுவலாம்.

ஃபேனை ரேடியேட்டருக்கு உள்பக்கம் வைத்து இழுக்கும்படி மாட்டுங்கள். தள்ளும்படி வைத்தாலும் குளிர்ச்சி கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இழுக்கும்போது தூசி ரேடியேட்டரின் வெளிமுகத்தில் படியும். முகப்பைக் கழற்றிப் பிரஷ் போட்டால் போய்விடும். தள்ளும்படி வைத்தால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி மெத்தை கட்டும், எல்லாவற்றையும் கழற்றினால்தான் தெரியும்.

ரேடியேட்டரைச் சுற்றி ஓரத்தில் 13 மி.மீ. இடைவெளி இருக்குமே, அதை ஃபோம் பட்டை ஒட்டி அடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூடான காற்றே அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

திருகு விஷயத்தில் எச்சரிக்கை. ஃபேன் மாட்ட 30 மி.மீ. திருகு. ஆங்கிளில் நேராக ரேடியேட்டரை மாட்டும்போது 6 மி.மீ. திருகு. பெரிய திருகைச் சின்னதின் இடத்தில் போட்டால் நுனி நேராகத் தண்ணீர்க் குழாயைக் குத்தும். ரேடியேட்டரையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

செம்புக்குழாய் எழுதியது:

தண்ணீருக்கு நான் வருகிறேன். பேட்டரிக்கு ஊற்றுவதில் டிஸ்டில்ட் வாட்டர் என்று போட்டு மூடியுடன் வரும் புட்டி என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் நிற்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கூடாது. அவற்றிலுள்ள உப்பு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் படிந்து அடைத்துவிடும்.

வெறும் தண்ணீரில் பாசி பிடிக்கும், அரிப்பும் வரும். அதனால் லூப்புக்கென்றே விற்கும் அரிப்புத் தடுப்பான் கலந்த கான்சென்ட்ரேட்டை வாங்கி டிஸ்டில்ட் வாட்டரில் கலந்துகொள்ளுங்கள். தயாராகக் கலந்து வரும் புட்டியைவிடச் செலவு குறைவு. அக்ரிலிக் பாகங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மயிர்க்கோடாக விரிசல் விடும்.

இதைவிட முக்கியம் உலோகம். பிளாக் செம்பு, அதனால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாகவே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் கிடந்து அலுமினியம் கரையத் தொடங்கும். கடையில் மூடி முத்திரையிட்டு வரும் ஏஐஓ (எல்லாம் சேர்ந்த ரெடிமேட் வாட்டர் கூலர்) பலவற்றில் இரண்டும் கலந்துதான் இருக்கும், அங்கே கம்பெனியே அதற்கேற்ற மருந்து கலந்து அடைத்துவிடுகிறது. நாம் திறந்து ஊற்றும் லூப்பில் அந்த விஷப் பரீட்சை வேண்டாம்.

சிபியுவுக்கு முதலில் போகட்டுமா, கார்டுக்கு முதலில் போகட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எப்படி வேண்டுமானாலும் போகட்டும். நிமிடத்துக்கு 3.8 லிட்டர் ஓடினால், 362 வாட்டும் சேர்ந்து தண்ணீரை ஒரு சுற்றில் ஒன்றரை டிகிரிகூட ஏற்றாது. ட்யூப் எது அழகாக, மடங்காமல் போகிறதோ அதுதான் சரியான வரிசை. ஒரே விதி, தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குக் கீழே பம்ப். பம்ப் ஒரு நொடிகூடத் தண்ணீரில்லாமல் சுற்றக்கூடாது.

கூலர்_குமரன் எழுதியது:

ஒழுகல் சோதனையை யாரும் சொல்லவில்லையே. தண்ணீர் ஊற்றும்போது மதர்போர்டுக்கு, கார்டுக்குக் கரன்ட் போகவே கூடாது. எஸ்எம்பிஎஸ்-ஸின் 24 பின் பிளக்கைக் கழற்றி, அதில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் கம்பித் துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். பம்ப் மட்டும் மாட்டி, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு பேப்பர் ஈரமானாலும் கண்ணில் பட்டுவிடும். ஒயர் எல்லாம் கறுப்பாக இருக்கும் புதிய எஸ்எம்பிஎஸ் என்றால் 16-ஆம் பின்னைப் பார்த்து இணைக்க வேண்டும்.

நீர்க்காகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

செம்பு 360 ரேடியேட்டர் 396 மி.மீ. நீளம். மேலே இழுத்து, ஆங்கிளின் பள்ளத்தில் நகர்த்தி, அடியில் 8 மி.மீ. விட்டேன், அங்கே சுவிட்ச் ஒயர் போகிறது. பம்பும் தொட்டியும் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்த இடத்தில், ரப்பர் வாஷர் மேல். அடித்தட்டில் நேராக வைத்தால் பம்பின் ரீங்காரம் தகட்டில் ஏறுகிறது, ரப்பர் வைத்ததும் நின்றுவிட்டது. ட்யூப் கறுப்பு இபிடிஎம் ரப்பர்.

நேற்று ராத்திரி அறை 33. சிபியு, கார்டு இரண்டுக்கும் முழுச்சுமை கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டியதில் தண்ணீர் 46-ல் நின்றுவிட்டது. கார்டு 59, முன்பு 79 வரை போகும். சிபியு 82. செம்புக்குழாய் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, சிபியுவில் பெரிய மாற்றமில்லை, கார்டில் இருபது டிகிரி. ஃபேன் மூன்றும் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் ஓடுகின்றன, கதவைச் சாத்தினால் அடுத்த அறையில் கேட்கவில்லை.

ஃபோம் பட்டை ஒட்டுவதற்கு முன்னாலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், தண்ணீர் 49 காட்டியது. அந்த ஓரச் சந்து மட்டும் மூன்று டிகிரி தின்றிருக்கிறது.

ஃபேன் வேகத்தைச் சிபியு சூட்டோடு இணைக்காமல் தண்ணீர் சூட்டோடு இணைத்திருக்கிறேன். ஒரு பிரௌசர் டேப் திறந்தாலே ஃபேன் ஏறி இறங்கும் தொல்லை அதோடு போயிற்று.

புதுக்குடித்தனம் எழுதியது:

அருமை. வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்கிறார்களே, அப்போது எப்படி வெளியே எடுப்பீர்கள்? கேபினெட்டையே கவிழ்க்க வேண்டுமா?

செம்புக்குழாய் எழுதியது:

வேண்டாம். லூப்பின் மிகத் தாழ்ந்த இடம் எது என்று பாருங்கள், இவருடைய அமைப்பில் பம்பின் அடிவாய். அங்கே ஒரு டி ஃபிட்டிங், அதில் ஒரு சின்னப் பால் வால்வு, முனையில் மூடி. மாற்றும் நாளில் மூடியைக் கழற்றி ஒரு ட்யூப் துண்டை மாட்டி வாளியில் விட்டு, தொட்டியின் மேல் மூடியைத் திறந்து வால்வைத் திருப்பினால் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். ரேடியேட்டரில் தங்கும் தண்ணீருக்குக் கேபினெட்டை லேசாகச் சாய்த்தால் போதும். நீர்க்காகம், நீங்கள் வால்வு வைத்தீர்களா?

நீர்க்காகம் எழுதியது:

வைத்திருக்கிறேன். வால்வின் வாய் பக்கக் கதவைப் பார்த்தமாதிரி திரும்பியிருக்கிறது, கதவைக் கழற்றினால் நேராகக் கை போகும். ஆங்கிளின் ஓட்டை அளவு கேட்டுத் தனிச்செய்தியில் சிலர் எழுதியிருந்தார்கள். இங்கேயே போடுகிறேன்: மேல் முனையிலிருந்து முதல் பள்ளத்தின் நடு 22 மி.மீ., அதிலிருந்து 105, 15, 105, 15, 105. இரண்டு ஆங்கிளுக்கும் ஒரே அளவு, எதிரெதிர்ப் பள்ளங்களின் நடுவிலிருந்து நடு 105.